மூன்று லட்சமா, பதினெட்டாயிரமா? இரண்டு நியமனக் கடிதங்களின் ஒப்பீடு

வாலாஜாபாத்தில் வசிக்கும் என் அக்காள் மகள் பி.காம். முடித்த கையோடு ஆறேழு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாள். அவற்றில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே வாரத்தில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஒன்று, ஒரகடத்தில் உள்ள பெரிய வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவில் வேலை. கடிதத்தை அனுப்பியதோ அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் சேர்த்துத் தரும் ஒரு மேன்பவர் ஏஜென்சி. ஆண்டுக்கு 3,02,964 ரூபாய் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மற்றொன்று, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாற்பது பேர் பணிபுரியும் ஒரு சிறிய கம்பெனியில் இளநிலைக் கணக்காளர் வேலை. நேரடி நியமனம், மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அக்காளுக்கு இரண்டிலும் மனமில்லை. மகள் வீட்டிலிருந்தபடியே அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். இரண்டு கடிதங்களையும் கூடத்துத் தரையில் விரித்துவைத்து, "எதுக்குப் போகட்டும் மாமா?" என்று பெண் கேட்டாள்.

அன்று மாலை முழுவதும் அந்தக் கடிதங்களைச் சொல் சொல்லாகப் படித்தோம். சி.டி.சி., பே-ரோல், ப்ரொபேஷன், நோட்டீஸ் பீரியட், பாண்டு, டெசிக்னேஷன் என்று இருபது சொற்களுக்குள்தான் ஒரு நியமனக் கடிதம் அடங்கிவிடுகிறது. மூன்றாண்டு பட்டப்படிப்பில் ஒருவரும் இவற்றை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சம்பளத் தொகையைவிட இந்தச் சொற்கள்தான் இரு வேலைகளையும் வேறுபடுத்துகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சொற்களை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் சி.டி.சி. ஒரு பணியாளருக்காக ஓராண்டில் நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை என்பது இதன் பொருள். அது சம்பளம் அன்று. ஏஜென்சியின் கடிதத்தோடு இணைத்திருந்த தாளில் மாதக் கணக்கு இப்படி இருந்தது: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000, வீட்டு வாடகைப்படி 5,800, ஆக மொத்தச் சம்பளம் 20,800. அதற்குக் கீழே நிறுவனத்தின் பங்காக வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 1,800, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. 676, வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை 721, போனஸ் 1,250 என்று நான்கு வரிகள். எல்லாவற்றையும் கூட்டினால் 25,247. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் அந்தத் தடித்த எழுத்துத் தொகை வந்துவிடுகிறது. இனி 20,800-இலிருந்து அவள் பங்காகப் பி.எஃப். 1,800-உம் இ.எஸ்.ஐ. 156-உம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 208. மிச்சம் 18,636. மாதம் இருபத்தைந்தாயிரம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த வேலையில் கைக்கு வருவது இவ்வளவுதான்.

இதே கணக்கை அம்பத்தூர்க் கடிதத்துக்கும் போட்டுப் பார்த்தோம். அங்கே 18,000 என்பதே மொத்தச் சம்பளம். அடிப்படை 12,000, வாடகைப்படி 6,000. பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 135, தொழில் வரி 208 போக 16,217 மிஞ்சுகிறது. நிறுவனத்தின் பங்கு இந்த 18,000-க்கு வெளியே தனியாகச் செலுத்தப்படும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆக, ஒரு பக்கம் மூன்று லட்சம், மறுபக்கம் பதினெட்டாயிரம் என்று மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வேறுபாடு மாதத்துக்கு 2,419 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

பிடித்தங்களைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. அவை யார் பெயரில், எங்கே போய்ச் சேருகின்றன என்று தெரிந்தால் போதும். பி.எஃப்.-இல் பணியாளர் 12 விழுக்காடு செலுத்துகிறார்; நிறுவனமும் 12 விழுக்காடு செலுத்துகிறது. ஆனால் நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுவதால், 15,000 அடிப்படை உள்ளவரின் பாஸ்புக்கில் நிறுவனப் பங்காக 550 ரூபாயே வரவாகி, 1,250 ரூபாய் ஓய்வூதியப் பத்தியில் தனியாக நிற்கும். இது தெரியாமல், கம்பெனி ஏமாற்றுகிறது என்று சண்டைக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். இ.எஸ்.ஐ.-க்குச் சம்பள உச்சவரம்பு 21,000. நோயுற்று விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு, தகுதியான காலம் சந்தா செலுத்தியவருக்கு, சராசரிக் கூலியில் 70 விழுக்காட்டை ஆண்டில் 91 நாட்கள் வரை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. சம்பாதிக்கத் தொடங்கும் வயதில் இதன் அருமை தெரிவதில்லை. இவ்விஷயத்தில் இரண்டு வேலைகளும் சமமே.

அடுத்த சொல்லில் சமம் முடிந்துவிடுகிறது. 'எந்த ரோல்?' என்பது தொழிற்சாலை வட்டாரங்களில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கம்பெனி ரோல் என்றால், வேலை வாங்கும் நிறுவனமே சம்பளம் தருகிறது, நியமனக் கடிதமும் அதன் பெயரில் இருக்கிறது என்று பொருள். தேர்டு பார்ட்டி பே-ரோல் அல்லது கான்ட்ராக்ட் என்றால், வேலை செய்வது ஓரிடம், முதலாளி வேறிடம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்ததாரர் என்று இவர்களைப் பிரித்தது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்ற பாதுகாப்பையும் வைத்தது. ஆனால் சட்டப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. அனுபவமும் பதவி உயர்வும் அதற்குள் வருவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2009 முதல் 2014 வரை ஐந்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே நிறுவனத்தில், ஒரே அறையில், ஏறக்குறைய ஒரே நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் என் சம்பளச் சீட்டில் மூன்று ஏஜென்சிகளின் பெயர்கள் மாறின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கி, மறுநாளே புதிய கடிதம் கொடுத்தார்கள். ஐந்தாண்டு தொடர்பணி இருந்தால் பணிக்கொடை கிடைக்கும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது; என் காகிதங்களிலோ தொடர்பணி என்பதே இல்லை. பி.எஃப். எண்கள் மூன்று. அனைத்துக் கணக்குகளையும் ஒன்றாக்கும் யு.ஏ.என். எண் 2014-இல்தான் வந்தது. முதல் ஏஜென்சி அதற்குள் கதவை மூடிவிட்டிருந்ததால், அந்தப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வேலைக்குப் போன இடத்தில், நான் பெருமையாகச் சொன்ன நிறுவனத்தின் பெயர் என் ஒரு காகிதத்தில்கூட இல்லை என்பதை எதிரில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்து அமைதியாகச் சொன்னார். அந்த நொடி இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே ஏஜென்சிக் கடிதத்தில் 'பணிக்காலம் 11 மாதங்கள்' என்ற வரியைப் பார்த்ததும் பென்சிலால் வட்டம் போட்டேன். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால நியமனம் பெற்றவர்களுக்கு ஓராண்டு பணி முடித்தாலே பணிக்கொடை உண்டு என்று இருக்கிறது. பதினொரு மாதத்தில் கடிதம் முடிந்துவிட்டால் அந்த ஓராண்டு வருவதே இல்லை. அப்படியிருக்க, சி.டி.சி. தாளில் மாதம் 721 வீதம் ஆண்டுக்கு 8,652 ரூபாய் பணிக்கொடை என்று கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். அவள் கைக்கு வர வாய்ப்பில்லாத பணம் அவளுடைய சம்பளமாக எண்ணப்படுகிறது. அம்பத்தூரில் ஐந்தாண்டு நீடித்தால், இன்றைய அடிப்படை ஊதியத்திலேயே கணக்கிட்டாலும், மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து ஆண்டுக்குப் பார்க்கும்போது 34,615 ரூபாய் வரும். அவள் அங்கே ஐந்தாண்டு இருப்பாளா என்பது வேறு கேள்வி. இருந்தால் கிடைக்கும் என்பதற்குக் காகிதம் இருக்கிறது.

இதனால் ஒப்பந்த நியமனம் எல்லாமே தவறு என்று சொல்லமாட்டேன். தொழிற்சாலையே நேரடியாகத் தன் பெயரில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கென்று கொடுக்கும் நியமனம், காலவரம்பு உள்ளதாயினும், ஏஜென்சிக் கடிதத்தைவிடப் பல மடங்கு மேலானது. ஏனெனில் அனுபவச் சான்றிதழ் அந்தப் பெயரிலேயே வரும். காலவரம்பும் மூன்றாம் நபரும் வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் சேர்த்து 'கான்ட்ராக்ட்' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

அம்பத்தூர்க் கடிதத்திலும் முள் இருந்தது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அதாவது ப்ரொபேஷன். தேவைப்பட்டால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படும். தகுதிகாண் பருவத்தில் ஏழு நாள் முன்னறிவிப்பு, பணி உறுதியான பின் இரண்டு மாத முன்னறிவிப்பு. இவை வழக்கமானவையே. எனினும் 'உறுதிப்படுத்தும் கடிதம் வழங்கப்படும் வரை தகுதிகாண் பருவம் தொடரும்' என்ற ஒரு வாக்கியம் நடுவே இருந்தது. ஆறு மாதம் முடிந்த அன்று கன்ஃபர்மேஷன் கடிதத்தைக் கேட்டு வாங்காவிட்டால், இரண்டாண்டு கழிந்த பின்னும் அவள் தகுதிகாண் பருவத்திலேயே இருப்பதாகச் சொல்ல அந்த வாக்கியம் இடம் கொடுக்கும்.

அதைவிடப் பெரிய முள், பாண்டு. பதினெட்டு மாதங்களுக்குள் விலகினால் 40,000 ரூபாய் கட்ட வேண்டும். அதுவரை பட்டச் சான்றிதழின் அசல் கம்பெனியிடம் இருக்கும். பாண்டு என்றாலே செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று நண்பர்கள் அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். அது தவறான ஆலோசனை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகினால் ஒரு தொகை செலுத்த வேண்டும் என்பது அந்தத் தடைக்குள் வராது என்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அங்கே நிபந்தனை மூன்றாண்டு, தொகை இரண்டு லட்சம். அது பொதுத்துறை வங்கி, நாற்பது பேர் கம்பெனிக்கு அப்படியே பொருந்துமா என்று வாதாட இடமுண்டு. ஆயினும் இருபத்தொரு வயதுப் பெண் வாதாடுவதற்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. முடிந்தவரை இருக்கும் எண்ணத்தோடு போட வேண்டும். அசல் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அசலைக் காட்டலாம், சரிபார்க்கத் தரலாம், தானே கையொப்பமிட்ட நகலைக் கொடுக்கலாம். அசலை ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. நாளை வேறு தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ போனால் அந்த ஒரு தாளுக்காக ஒருவர் வாசலில் நிற்க நேரும்.

இனி டெசிக்னேஷன், அதாவது பணிப்பெயர். பலர் இதை அலங்காரமாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் இந்த ஒப்பீட்டின் மையமே இதுதான். ஒரகடத்தில் அவள் பெயருக்கு நேரே 'ஸ்டோர்ஸ் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' என்று இருக்கும். சரக்கோடு போகும் டெலிவரி சலான் போடுவது, இ-வே பில் எடுப்பது, வந்த பெட்டியையும் போன பெட்டியையும் கணினியில் ஏற்றுவது அன்றாட வேலை. நேர்த்தியாகச் செய்தாலும் ஓராண்டு முடிவில் அவள் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏனெனில் பெரிய தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு வேறு கட்டடத்தில், கம்பெனி ரோல் ஆட்களோடு இருக்கிறது. அம்பத்தூரில் கணக்குப் பிரிவே மூன்று பேர்தான். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். என்ற பிடித்த வரியைக் கட்ட வேண்டும், 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும், நடுவில் சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்தல், டேலி மென்பொருளில் தினசரிப் பதிவுகள், ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும் நூறு கேள்விகள். மூன்று பேரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் அவருடைய வேலையும் இவள் மேசைக்கு வரும். கஷ்டம்தான். ஆனால் பதினெட்டு மாதத்தில் ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதையும் தனியாகத் தாங்கக் கற்றுவிடுவாள். பயோடேட்டாவில் 'இளநிலைக் கணக்காளர்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் இத்தனை வேலைகளை அவளால் உண்மையோடு எழுத முடியும்.

அதற்கான விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரகடத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். கம்பெனி பஸ் வாலாஜாபாத் வரை வருகிறது. அம்பத்தூர் என்றால் ஹாஸ்டல். அவள் விசாரித்த இடத்தில் சாப்பாட்டோடு மாதம் 6,500. முன்னே சொன்ன 2,419-ஐயும் சேர்த்தால் மாதம் 8,919 ரூபாய் இழப்பு. பாண்டு காலமான பதினெட்டு மாதத்துக்கு 1,60,542 ரூபாய். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும், பெண்ணின் அப்பாவான என் மைத்துனருக்கு இது சிறிய தொகை அன்று. இந்த எண்ணைத் தாளில் எழுதியதும் கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அக்காளின் விருப்பத்தையும் அப்போதுதான் எடுத்தோம். குரூப் 4 மூலம் இளநிலை உதவியாளர் ஆனால் அடிப்படை ஊதியம் 19,500-இல் தொடங்கும், அகவிலைப்படி தனி. வேலைக்கு ஆபத்தில்லை. இவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2025-இல் அறிவித்த இடங்கள் 3,935. ஜூலை 12 அன்று தேர்வு எழுதியவர்களோ 11 லட்சத்துக்கும் மேல். தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். முதல் நூறு கேள்விகள் தமிழ், அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகள் திருத்தப்படுவதே இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து படிப்பவர்கள் மட்டுமே வெல்லும் தேர்வு அன்று இது. பாடப்புத்தகங்களை விடாமல் ஓராண்டு படித்த எவரும் எழுதலாம். வெறும் தயாரிப்பில் கழிந்த இரண்டாண்டுகளை எந்த பயோடேட்டாவிலும் காட்ட முடியாது என்பதால், தேர்வை ஒரு வேலைக்கு மாற்றாக வைக்காமல், வேலையோடு சேர்த்து வைப்பதே சரி என்றேன். அக்காள் முழுமனதோடு ஒப்பவில்லை.

அப்ரண்டிஸ் பற்றியும் பெண் கேட்டாள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி கிடைப்பது சம்பளம் அன்று, உதவித்தொகை. பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தர நிறுவனம் கடமைப்பட்டதும் அன்று. பொறியியலும் டிப்ளமோவும் படித்தவர்களுக்குப் பெரிய நிறுவனத்தில் அது நல்ல வாசல். கணக்குத் துறைக்கு நேரடி வேலை கையில் இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

வீட்டில் வட்டிக் கடன் இருந்திருந்தால், அல்லது உடல்நலமில்லாத ஒருவர் இவள் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தால், தயங்காமல் ஒரகடத்துக்குப் போ என்று சொல்லியிருப்பேன். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் அத்தகைய வீட்டில் உயிர்நாடி. அப்படிப் போகிறவர்கள் மூன்று காரியங்களை முதல் மாதத்திலிருந்தே செய்ய வேண்டும்: பே-ஸ்லிப் ஒவ்வொன்றையும் சேமித்து வைப்பது, யு.ஏ.என். எண்ணைச் செயல்படுத்தி மாதந்தோறும் பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று பார்ப்பது, ஏஜென்சி மாறும்போது பழைய ஏஜென்சி பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்வது. அந்தத் தேதி பதியாமல் போனால் கணக்கை மாற்றுவதிலும் பணம் முழுவதையும் எடுப்பதிலும் சிக்கல் வரும்.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. ஆகவே அம்பத்தூர் என்பது என் முடிவு. ஆனால் கடிதத்தில் உள்ளபடியே அன்று. மறுநாள் காலை அவள் இரண்டு இடங்களுக்கும் போன் செய்தாள். ஏஜென்சியில், பதினொரு மாதம் முடிந்த பின் யார் பெயரில் வேலை தொடரும் என்று கேட்டாள். டெண்டர் யாருக்குப் போகிறதோ அவர்கள் பெயரில் என்று பதில் வந்தது. அம்பத்தூர் எச்.ஆர். மேடத்திடம், அசல் சான்றிதழைத் தர இயலாது, பாண்டு காலத்தைக் குறைக்க முடியுமா, ஆறு மாத முடிவில் உறுதிப்படுத்தும் கடிதம் தருவீர்களா என்று மூன்றையும் வரிசையாகக் கேட்டாள். எழுதிவைத்துப் படித்தாள், குரல் லேசாக நடுங்கியது. முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மாலையில் திருத்திய கடிதம் மின்னஞ்சலில் வந்தது. சான்றிதழ் நிபந்தனையை நீக்கியிருந்தார்கள், பாண்டு பன்னிரண்டு மாதமாகக் குறைந்திருந்தது, தொகையில் மாற்றமில்லை, தகுதிகாண் பருவ வாக்கியமும் அப்படியே இருந்தது. அந்த வாக்கியத்துக்காக, பணியில் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணி, சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறாள்.